தோற்றவரும் எண்ணிப் பார்க்கட்டும்



2024-ம் ஆண்டு ஜூலை 22. அறிவியல் புனைகதைக்கான ஹ்யூகோ விருதை நடத்தும் குழு, கிளாஸ்கோவில் கூடவிருந்த உலக அறிவியல் புனைகதை மாநாட்டின் சார்பில் ஓர் அறிக்கை வெளியிட்டது. பதிவான 3,813 வாக்குகளில் 377 செல்லாது என்று அதில் சொல்லியிருந்தார்கள். பத்தில் ஒன்று. சந்தேகத்துக்கு இடம் கொடுத்தவை வாக்காளர்களின் பெயர்கள்தாம். ஒரு கூட்டத்தாரின் குடும்பப் பெயர்கள் எல்லாம் ஒரே பெயர். முதல் எழுத்து மட்டும் அகரவரிசைப்படி ஒன்றன்பின் ஒன்றாக மாறிக்கொண்டே போனது. இன்னொரு கூட்டத்தாரின் பெயர்கள் அடுத்தடுத்த எண்களின் மொழிபெயர்ப்பு. நம் ஊரில் நடந்திருந்தால் ஒன்றையன், இரண்டையன், மூன்றையன் என்று வரிசையாக வந்து ஓட்டுப் போட்டிருப்பார்கள்.

யாரோ ஒருவர் பலருக்கு உறுப்பினர் கட்டணத்தைக் கொடுத்து, தான் விரும்பியவருக்கு வாக்களிக்கச் செய்கிறார் என்று குழுவுக்கு ஒரு தகவலும் வந்திருந்தது. அந்த 377 வாக்குகளையும் எண்ணியிருந்தால், அவை ஆதரித்த போட்டியாளர் வென்றிருப்பார். குழு அவற்றைக் கழித்தது. ஆனால் அந்தப் போட்டியாளரை நீக்கவில்லை; பெயரையும் வெளியிடவில்லை. அவருக்கு இந்த ஏற்பாடு தெரிந்திருந்தது என்பதற்குச் சான்று எதுவும் இல்லை என்றும் சேர்த்தே எழுதியது. எத்தனை வாக்கு, என்ன காரணம், முடிவு எப்படி மாறும் என்பதையெல்லாம் விருது விழாவுக்கு மூன்று வாரம் முன்பே எல்லோருக்கும் சொல்லிவிட்டார்கள்.

இதைச் செய்தவர்கள் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் தேர்தல் அதிகாரிகள் இல்லை. 1953 முதல் வழங்கப்படும் ஹ்யூகோ விருதும், அதை நடத்தும் உலக அறிவியல் புனைகதை மாநாடும் தன்னார்வலர்களின் உழைப்பில் நடப்பவை. ஆண்டுதோறும் ஒரு நகரம், ஒரு புதிய குழு. கட்டணம் கட்டி உறுப்பினரான வாசகர்தான் வாக்காளர்.

தன்னார்வக் குழுவின் வாக்கெடுப்புக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. நாட்டுத் தேர்தலில் தோற்றவர் நாட்டை விட்டுப் போய்விட முடியாது. நீதிமன்றம் இருக்கிறது, அடுத்த தேர்தல் இருக்கிறது. மரம் நடும் குழுவிலும் நூலக வாசகர் வட்டத்திலும் தோற்றவர், மறுநாள் வராமல் இருந்தாலே போதும். அவர் வராத நாளில் குழியை வெட்ட ஆளில்லை. ஆகவே இப்படிப்பட்ட குழுக்களில் நேர்மையான வாக்கெடுப்புக்கு உரைகல்லாக ஒன்றைத்தான் கொள்ள வேண்டியிருக்கிறது: முடிவைத் தோற்றவரே சரிபார்க்க முடிகிறதா? எந்த மென்பொருள், எந்தச் செயலி என்ற கேள்வியெல்லாம் அதற்குப் பிறகு.

வாக்காளர் பட்டியலே இல்லாத வாக்கெடுப்புகளை இங்கே பேச வேண்டியதில்லை. 2016-ல் பிரிட்டனின் இயற்கைச் சூழல் ஆய்வு மன்றம் தன் துருவக் கப்பலுக்குப் பெயர் வைக்க இணையத்தில் எல்லோரையும் அழைத்தது. 'போட்டி மெக்போட்ஃபேஸ்' என்ற கேலிப் பெயர் 1,24,109 வாக்குகளுடன் முதலில் வந்தது. அதிகாரிகள் கப்பலுக்கு டேவிட் அட்டன்பரோவின் பெயரை வைத்து, வென்ற பெயரைக் கப்பலோடு போகும் சிறு நீர்மூழ்கிக்குச் சூட்டினார்கள். அது திருவிழா. யாருக்கும் நஷ்டமில்லை.

ஹ்யூகோவில் 2015-ல் நடந்தது திருவிழா இல்லை. அந்த விருதுக்கு இரண்டு கட்டங்கள். முதல் கட்டத்தில் உறுப்பினர் ஒவ்வொருவரும் ஒரு பிரிவுக்கு ஐந்து படைப்புகள் வரை முன்மொழியலாம். அன்றைய விதிப்படி, அதிக முன்மொழிவு பெற்ற ஐந்து, இறுதிச் சுற்றுக்குப் போகும். ஓர் ஆண்டில் ஆயிரக்கணக்கான கதைகள் வெளியாகின்றன. வாசகர்கள் தம் ரசனைப்படி எழுதினால் முன்மொழிவுகள் நாலாபக்கமும் சிதறிப்போகும். அந்த நேரத்தில் சில நூறு பேர் பேசி வைத்துக்கொண்டு அதே ஐந்து பெயர்களை எழுதினால் ஐந்து இடமும் அவர்களுக்கே. விருது ஒரு சாராரின் அரசியல் ரசனைக்கே போகிறது என்று குறைப்பட்ட எழுத்தாளர்கள் சிலர், 'சேட் பப்பீஸ்', 'ரேபிட் பப்பீஸ்' என்ற பெயர்களில் பட்டியல் போட்டு அதைத்தான் செய்தார்கள். சில பிரிவுகளில் இறுதிப் பட்டியல் முழுவதும் அவர்கள் பட்டியலாகவே வந்தது.

அவர்கள் விதி எதையும் மீறவில்லை. அதுதான் சங்கடம். ஒவ்வொருவரும் கட்டணம் கட்டியவர், ஒவ்வொருவரும் ஒரே ஒரு முறை வாக்களித்தவர். கள்ள ஓட்டு இல்லாமலே ஒரு தேர்தல் கோணலாகலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

இறுதிச் சுற்றில் 5,950 பேர் வாக்களித்தார்கள். ஹ்யூகோ வாக்குச்சீட்டில் 'விருது யாருக்கும் இல்லை' என்றும் ஒரு வரி உண்டு. நம் வாக்குப்பதிவு இயந்திரத்தில் 2013-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு வந்த நோட்டாவுக்கு அது அண்ணன் முறை. நோட்டா எத்தனை வாக்கு வாங்கினாலும், அடுத்து வரும் வேட்பாளர் வென்றுவிடுவார். ஹ்யூகோவிலோ அந்த வரி உண்மையிலேயே வெல்லும். அந்த ஆண்டு ஐந்து பிரிவுகளில் அதுதான் வென்றது. சிறந்த நாவல் பிரிவில் நடந்தது இன்னும் சுவாரசியம். பட்டியல்காரர்களின் ஆதரவில் இடம்பெற்ற மார்க்கோ க்லூஸ் என்ற எழுத்தாளர், இப்படி வந்த இடம் எனக்கு வேண்டாம் என்று தன் நாவலை விலக்கிக்கொண்டார். காலியான இடத்தில் சீன எழுத்தாளர் லியு சிஷினின் 'மூன்று உடல் சிக்கல்' நாவலின் ஆங்கில மொழிபெயர்ப்பு ஏறியது, விருதையும் வாங்கியது. மொழிபெயர்ப்பு நாவல் ஒன்று ஹ்யூகோ பெற்றது அதுவே முதல் முறை.

கோபத்தில் மாநாட்டினர் பட்டியல்காரர்களை வெளியேற்றியிருக்கலாம். செய்யவில்லை, எண்ணும் முறையைத் திருத்தினார்கள். கணினிப் பாதுகாப்பு வல்லுநர் புரூஸ் ஷ்னையர், ஜேம்ஸன் க்வின் போன்றோர் பங்குகொண்ட விவாதங்களில் ஒரு புதிய கணக்கு உருவானது. ஒவ்வொருவருக்கும் ஒரு புள்ளி. அவர் முன்மொழிந்த படைப்புகளிடையே அது சமமாகப் பிரியும். கடைசியில் நிற்கும் இரண்டை ஒப்பிட்டு, குறைவானவர் முன்மொழிந்ததை நீக்குவார்கள். நீங்கியதன் பங்கு அந்த வாக்காளரின் மற்றத் தேர்வுகளுக்குப் போய்ச் சேரும். ஐந்து பெயரையும் ஒரே அச்சில் எழுதிய கூட்டத்துக்குப் புள்ளிகள் ஐந்தாகச் சிதறும். ஆகவே ஓரிரு இடங்கள் கிடைக்கும், ஐந்தும் கிடைக்காது. சிறு கூட்டத்துக்கும் ஓர் இடம் உண்டு, முழுப் பந்தியும் அதற்கு இல்லை.

இந்தத் திருத்தம் 2015-ல் ஸ்போகேன் மாநாட்டில் நிறைவேறியது. உடனே அமலுக்கு வரவில்லை. மாநாட்டின் விதிப்படி, ஒரு மாநாட்டில் நிறைவேறிய திருத்தத்தை அடுத்த ஆண்டு வேறு ஊரில் கூடும் மாநாடு உறுதிசெய்ய வேண்டும். 2016-ல் கன்சாஸ் நகரம் உறுதிசெய்தது. 2017-ல் நடைமுறைக்கு வந்தது. இடைப்பட்ட 2016-ல் பட்டியல்காரர்கள் மறுபடியும் புகுந்து விளையாடினார்கள். மாநாட்டினர் பழைய விதியிலேயே பொறுத்துக்கொண்டார்கள். ஆட்டம் நடக்கும்போது விதியை மாற்றினால், அது எவ்வளவு நல்ல விதியானாலும், தோற்றவர் காலத்துக்கும் அதைச் சொல்லிக் காட்டுவார். ஓராண்டு அவமானம் அதைவிட மலிவு.

இதே விருது 2023-ல் சீனாவின் செங்டு நகரில் சறுக்கியது. வாக்கு விவரம் முழுவதையும் மாநாடு முடிந்து 90 நாளுக்குள் வெளியிட வேண்டும் என்பது விதி. விழா முடிந்த கையோடு வெளியிடுவதே பல ஆண்டுகளின் வழக்கம். செங்டு விவரம் 2024 ஜனவரி 20 அன்றுதான் வந்தது. அதைப் படித்தவர்கள் திகைத்தார்கள். ஆர்.எப். குவாங் எழுதிய 'பேபல்' நாவல், அமெரிக்க எழுத்தாளர்களின் நெபுலா விருதை வென்ற நூல், இறுதிச் சுற்றுக்குப் போதுமான முன்மொழிவுகள் பெற்றிருந்தும் 'தகுதியில்லை' என்று குறிக்கப்பட்டிருந்தது. காரணம் ஒரு வரிகூட இல்லை. வேறு சிலருக்கும் அதே முத்திரை. அடுத்த மாதம் கசிந்த மின்னஞ்சல்கள், சீனாவில் அரசியல் சங்கடம் தரக்கூடியவர்கள் யார் யார் என்று நிர்வாகிகளே முன்கூட்டிக் குறிப்பெடுத்து வைத்திருந்ததைக் காட்டின. கண்டனங்களும் பதவி விலகல்களும் தொடர்ந்தன.

அந்தத் தவறு வெளியே வந்ததற்கு ஒரே காரணம், எண்களை வெளியிட்டே ஆகவேண்டும் என்ற பழைய விதி. 'முடிவு இது' என்று மட்டும் அறிவிக்கும் சங்கமாக இருந்திருந்தால் அந்த நாவலின் பெயர் எவர் காதிலும் விழுந்திருக்காது. அடுத்து வந்த கிளாஸ்கோ குழு, யாரை ஏன் சேர்க்கவில்லை என்பதை இறுதிப் பட்டியலோடு சேர்த்தே அறிவித்தது. 377 வாக்குகளைப் பற்றிய அந்த நீண்ட அறிக்கையின் பின்னால் இருப்பது செங்டுவின் சூடு.

இனி வேறோர் உலகம். டெபியன் என்பது கணினி இயங்குதளம். இயன் மர்டாக் 1993-ல் தொடங்கியது. நாம் அறிந்த உபுண்டு அதன்மேல் கட்டப்பட்டதுதான். உருவாக்குபவர்கள் பல நாடுகளில் இருக்கும் ஏறத்தாழ ஆயிரம் தன்னார்வலர்கள். பலர் ஒருவரையொருவர் நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் 1998 முதல் அவர்களுக்கு எழுதிவைத்த ஓர் அமைப்புச் சட்டம் உண்டு. ஆண்டுதோறும் தலைவர் தேர்தல் உண்டு. வேட்புமனுவுக்கு ஒரு வாரம், பிரசாரத்துக்கு மூன்று வாரம், வாக்களிக்க இரண்டு வாரம். 2019-ல் முதல் வாரம் முடிந்தபோது ஒருவர்கூட மனுப் போடவில்லை. சட்டத்தில் அதற்கும் வழி எழுதியிருந்தது: இன்னொரு வாரம் நீட்டு. நீட்டினார்கள், வேட்பாளர்கள் வந்தார்கள், சாம் ஹார்ட்மன் வென்றார். பதறிப்போய் யாரையும் பிடித்து நாற்காலியில் உட்கார வைக்கவில்லை.

அங்கே வாக்கு என்பது கையெழுத்திட்ட மின்னஞ்சல். கையெழுத்து என்றால் மறைகுறியீட்டுச் சாவியால் இடுவது. அந்தச் சாவி இன்னாருடையதுதான் என்பதற்கு, ஏற்கெனவே உள்ள உறுப்பினர்கள் நேரில் சந்தித்து அடையாள அட்டையைப் பார்த்துச் சான்று தருவது வழக்கம். முழுக்க இணையத்தில் வாழும் ஒரு சமூகம், வாக்காளர் பட்டியலுக்கு மட்டும் நேருக்கு நேர் முகம் பார்க்கச் சொன்னது கவனிக்கத் தக்கது. குறைந்தபட்ச வாக்குகளுக்கும் ஒரு கணக்கு: உறுப்பினர் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தில் பாதி, அதைப் போல் மூன்று மடங்கு. ஆயிரம் பேர் என்றால் சுமார் 47. தன்னார்வலர்களில் பாதிப்பேர் எப்போதும் வேலையாக இருப்பார்கள் என்பதை ஒப்புக்கொண்ட கணக்கு அது. நம் சங்கங்கள் மூன்றில் ஒரு பங்கு என்று எழுதிவைத்துவிட்டு, கோரம் இல்லை என்று கூட்டத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கின்றன.

டெபியனின் வாக்குச்சீட்டில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுப்பதில்லை; 1, 2, 3 என்று வரிசைப்படுத்த வேண்டும். ஏன் என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் தேவையில்லை. நாற்பது பேர் கொண்ட குழு சுற்றுலாவுக்கு எங்கே போவது என்று வாக்கெடுக்கிறது. கொடைக்கானலுக்கு 13, ஏற்காட்டுக்கு 12, ராமேஸ்வரத்துக்கு 15. பேருந்து ராமேஸ்வரம் போகிறது. மலைக்குப் போக விரும்பிய 25 பேரும் கடற்கரையில் நிற்கிறார்கள். ராமேஸ்வரக்காரர் ஒருவர்தான் வாக்கெடுப்பை நடத்தினார் என்றால், ஏற்காட்டையும் பட்டியலில் சேர்த்தது அவரே என்றால், அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. 18-ம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் கோந்தோர்சே சொன்ன வழி, ஒவ்வொரு தேர்வையும் மற்ற ஒவ்வொன்றோடும் தனித்தனியாக மோதவிடுவது. மலைப்பிரியர்கள் இரண்டு மலைகளையும் கடலுக்கு மேலே வரிசைப்படுத்தியிருந்தால், எந்த மலையும் ராமேஸ்வரத்தை 25-க்கு 15 என்று வென்றுவிடும். மார்க்குஸ் ஷுல்ட்சே 1997-ல் அதைச் செம்மைப்படுத்தி அமைத்த முறையை டெபியன் 2003-ல் ஏற்றது. 'மேற்கண்ட எதுவுமில்லை' என்ற வரி அங்கும் உண்டு. அதனிடம் தோற்ற தேர்வு போட்டியிலிருந்தே விழுந்துவிடும்.

அந்த 2003-ம் ஆண்டுத் தலைவர் தேர்தலில் மார்ட்டின் மிக்கேல்மாயர், அப்போது தலைவராக இருந்த ப்டேல் கார்பியைத் தோற்கடித்தார். இருவருக்கும் இடையே 4 வாக்கு. ஊர்ச் சங்கத்தில் 4 வாக்கில் தோற்றால் இரண்டு சங்கமாகும். அங்கே ஆகவில்லை. தேர்தலுக்குப் பிறகு டெபியன் ஒரு பட்டியல் வெளியிடும்: ஒரு சங்கேத எண், அதற்கு எதிரே வாக்கு வரிசை. வாக்களித்தவருக்கு மட்டும் ஒரு ரகசியக் குறி தெரியும். அதைக்கொண்டு தன் வரியைக் கண்டுபிடித்துக்கொள்ளலாம். பக்கத்து வரி யாருடையது என்று தெரியாது. ஆனால் எல்லா வரிகளையும் எடுத்து, எண்ணிக்கையை யார் வேண்டுமானாலும் தம் கணினியில் மறுபடி நடத்திப் பார்க்கலாம்.

எல்லோரும் சரிபார்க்கும்படி நடத்த வேண்டும் என்ற எண்ணம் நமக்குப் புதிதும் இல்லை. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், கி.பி. 919, 921-ஐச் சேர்ந்தவை, சொல்வது குலுக்கல் முறையைத்தான், வாக்கெடுப்பை இல்லை. ஆனால் ஒரு நுணுக்கம் உண்டு. எடுத்த ஓலையை வாங்குபவர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும் என்கிறது கல்வெட்டு. கைக்குள் வேறோர் ஓலை ஒளிந்திருக்கவில்லை என்று அவை பார்க்கட்டும் என்பதற்காக.

டெபியனும் எல்லாவற்றையும் முதலிலேயே சரியாகச் செய்துவிடவில்லை. 2008 இறுதியில், அடுத்த வெளியீட்டைப் பற்றி வந்த பல முன்மொழிவுகளை அன்றைய செயலாளர் மனோஜ் ஸ்ரீவஸ்தவா ஒரே வாக்குச்சீட்டில் சேர்த்தார். சிலவற்றுக்கு மட்டும் மூன்றுக்கு ஒன்று என்ற கூடுதல் பெரும்பான்மை தேவை என்றும் முடிவு செய்தார். வாக்கு எண்ணும் மென்பொருளை எழுதியவரே அவர். எண்ணிக்கையை யாரும் குறை சொல்லவில்லை. சீட்டை எழுதிய விதத்தில்தான் சண்டை வந்தது. அவர் விலகினார். நிலையான செயலாளர் வரும்வரை அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டவர், 4 வாக்கில் தோற்ற அதே கார்பி. 2014-ல் தொழில்நுட்பக் குழு ஒரு பெரிய முடிவில் நாலுக்கு நாலு என்று பிளந்தபோது, குழுத் தலைவராகத் தீர்மானிக்கும் வாக்கை அளித்தவரும் அவர்தான்.

யார் எப்படி வாக்களித்தார் என்பதைச் சொல்லலாமா, மறைக்கலாமா? தலைவர் தேர்தல் தவிர்த்த தீர்மானங்களில் டெபியன் பெயரோடு வாக்கை வெளியிட்டுவந்தது. 2021-ல் ரிச்சர்ட் ஸ்டால்மன், தான் நிறுவி, சர்ச்சையில் விலகியிருந்த கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளைக்குத் திரும்பியது பற்றிய வாக்கெடுப்பு சூடானது. பெயர் தெரிந்தால் வெளியிலிருந்து தொல்லை வரும் என்று பலர் அஞ்சினார்கள். 2022-ல் எல்லா வாக்கையும் ரகசியமாக்கினார்கள். மேசை வாங்குவதா நாற்காலி வாங்குவதா என்பதில் பெயர் தெரிந்தால் குற்றமில்லை. ஆளைப் பற்றிய வாக்கெடுப்பில் பெயர் தெரியவே கூடாது.

அதற்காகப் பூட்டுக்கு மேல் பூட்டுப் போடுவதும் ஆபத்து. மறைகுறியியல் ஆய்வாளர்களின் சர்வதேச சங்கம் தன் தேர்தலை ஹீலியோஸ் என்ற மென்பொருளில் நடத்துகிறது. மூன்று பேரிடம் ஆளுக்கொரு சாவி. மூன்றும் சேர்ந்தால்தான் பெட்டி திறக்கும் என்பது 2025 வரை விதி. 2025-ல் ஒருவர் தன் சாவியைத் தொலைத்துவிட்டார். உலகின் மிகச் சிறந்த பூட்டு நிபுணர்கள் தம் பெட்டியைத் தாமே திறக்க முடியாமல் மறுதேர்தல் அறிவித்தார்கள். மூன்றில் இரண்டு போதும் என்று விதியையும் தளர்த்தினார்கள்.

நம் குழுக்களில் பெரும்பாலும் வாக்குச்சாவடி வாட்ஸ்அப். 2022 இறுதியில் அதில் வாக்கெடுப்பு வசதி வந்தபோது, ஒருவரே எத்தனை விடையை வேண்டுமானாலும் தொடலாம். ஒருவருக்கு ஒன்று என்று கட்டுப்படுத்தும் வசதி 2023-ல்தான் சேர்ந்தது. இன்றும் அந்தப் பொத்தானைப் பார்க்காமலே வாக்கெடுப்பைத் திறக்கும் நிர்வாகிகள் உண்டு. எண்ணிக்கை ஓடிக்கொண்டே தெரியும், பெயரும் தெரியும். தலைவர் முதல் ஆளாகத் தொட்டுவிட்டால் பிறகு வருகிறவர்கள் அவர் முகத்தைப் பார்த்துத்தான் தொடுவார்கள். கூகுள் படிவத்தில் 'ஒருவருக்கு ஒரு பதில்' என்று வைத்தாலும், அது எண்ணுவது கணக்குகளை. மூன்று ஜிமெயில் வைத்திருப்பவருக்கு மூன்று வாக்கு. ஒரு குடும்பத்துக்கு ஒரு வாக்கா, ஆளுக்கு ஒன்றா என்று முன்பே எழுதிவைக்காத குடியிருப்போர் சங்கத்தில் எந்தச் செயலியும் உதவாது. பதிவு பெற்ற சங்கமாக இருந்தால், துணைவிதியில் இடமில்லாத வாட்ஸ்அப் முடிவு பொதுக்குழுத் தீர்மானம் ஆகிவிடாது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

பொழுதுபோக்குக் கேள்விகளுக்கு வாட்ஸ்அப் போதும். பணம், பதவி, ஆளை நீக்குவது என்று வரும்போது வாக்காளர் பட்டியலை ஒரு தேதியோடு முடக்கி, முடிவு நேரத்தை அறிவித்து, அதுவரை எண்ணிக்கையை யாரும் பார்க்காதபடி வைத்து, முடிந்ததும் முழு எண்களையும், தள்ளிய வாக்குகளின் காரணங்களையும் வெளியிட வேண்டும்.

இந்த அரங்கில் சங்கச் செயலாளர்களும் குழு நிர்வாகிகளும் இருப்பீர்கள். உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த வாக்கெடுப்பைத் திறப்பதற்கு முந்தின நாள், தோற்கப்போகிறவர் என்று நீங்கள் நினைக்கும் ஆளைக் கூப்பிடுங்கள். கேள்வியின் வாசகத்தையும் வாக்காளர் பட்டியலையும் அவரிடம் காட்டுங்கள். எண்ணுகிற இருவரில் ஒருவரை அவரே சொல்லட்டும். அவர் சரி என்ற பிறகு திறங்கள்.